வெள்ளையடித்த வீட்டுக்குப் பால் காய்ச்சுவதில்லை

கடைக் கதவை மேலே தள்ளி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கணினியைப் போட்ட கையோடு உதயசூரியன் அதைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். "வந்துட்டான்யா! புதுசு வந்திருக்கு, மாறிக்க மாறிக்கன்னு! ஒன்னய யாருய்யா இங்கிட்டு கூப்பிட்டா?" போன ஐப்பசி வரைக்கும் தினமும் இதுதான் அவருடைய சுப்ரபாதம். விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு வராது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். அது பணிவாகத்தான் கேட்கும். இவர் நன்கொடை வசூலுக்கு வந்தவனை விரட்டுகிற மாதிரி விரட்டுவார்.

திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் போகிற வழியில், டவுன் பஸ் திரும்புகிற இடத்தில் எங்கள் இரண்டு கடைகளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தட்டி, அதுவும் ஆள் உயரத்துக்குத்தான். இந்தப் பக்கம் லைனிங் துணி, ஜிப், பட்டன், சேலைக்கு ஃபால்ஸ் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் 'ஸ்ரீ சூரியா கம்ப்யூட்டர் ஜோதிடம். வாக்கியப் பஞ்சாங்கப்படி மட்டும்' என்று அவர். அந்த 'மட்டும்' பெயிண்டர் வேலையை முடித்து பிரஷ்ஷைக் கழுவிய பிறகு, ஆளைத் திரும்ப ஏணியில் ஏற்றிச் சேர்த்தது. அவர் பேசுவது, இருமுவது, மூக்குப்பொடி போடுவது எல்லாம் எனக்குக் கேட்கும். வேண்டாம் என்றாலும் கேட்கும்.

பெயரைப் பார்த்தே உங்களுக்குப் புரிந்திருக்கும். தகப்பனார் தீவிரக் கட்சிக்காரர். மேடைக்கு மேடை ஏறி ஜாதகக் கட்டைக் கிழித்துக் காற்றில் விட்டவர். மகன் அதையே வழவழப்பான தாளில் அச்சடித்து, பைண்டு போட்டு, மஞ்சள் தடவி விற்கிறார். கேட்டால், "அப்பா கொள்கை அப்பாவோட, என் கொள்கை என்னோட" என்பார். இவருக்குக் கொள்கை இருப்பது எனக்கு அதைக் கேட்டுத்தான் தெரியும்.

தொழில் என்று பார்த்தால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடிப்பார். ஒரு பொத்தானைத் தட்டுவார். பிரிண்டர் கரகரவென்று ஒரு கத்தை தாளைத் துப்பும். கையால் கணக்குப் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மேசை மேல் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதன் மேல் எப்போதும் டீ டம்ளர் இருக்கிறது. ஆனாலும் தாளை எடுத்துக் கொடுக்கும்போது கண்ணைச் சுருக்கி, கூரையைப் பார்த்து, "ம்... குரு பார்க்கிறாரு" என்று ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், குரு அவரிடம் மட்டும் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

சித்திரைக்குச் சித்திரை அவர் ஜாதகப் புத்தகத்தின் அட்டையை மாற்றுவார். ஒரு வருஷம் பிள்ளையார், அடுத்த வருஷம் பெருமாள், அதற்கடுத்த வருஷம் தங்க நிறத்தில் சூரிய ரதம். மேலே பெரிதாக 'முற்றிலும் புதிய பதிப்பு' என்று இருக்கும். வாடிக்கைக்காரர்களும் பழசைத் தூக்கி வைத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போவார்கள். எனக்கும், என் வீட்டுக்காரருக்கும், நாத்தனார் மகனுக்கும் அவரிடம் வேறு வேறு வருஷத்தில் போட்டது வீட்டில் இருக்கிறது. மூன்றிலும், "இளகிய மனமும் முன்கோபமும் ஒருங்கே அமைந்தவர். நீர்நிலைகளில் கவனம் தேவை" என்றுதான் போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு இளகிய மனம் என்று எழுதிய மெஷினை என்ன சொல்ல!

இந்த மனிதருக்குத்தான் விண்டோஸ் மேல் அப்படி ஓர் ஆத்திரம். நான் பார்த்த வரைக்கும் எக்ஸ்பி, ஏழு, எட்டு, பத்து என்று ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன தீர்ப்பு ஒன்றுதான். "பெயிண்டு அடிச்சிருக்கான்." எட்டு வந்தபோது ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். "வீட்டப் புதுசாக்குறேன்னு கதவப் பேத்து எடுத்துட்டான் பாருங்க, தங்கச்சி" என்று தட்டிக்கு மேலே தலையை நீட்டிச் சிரித்தார். பிறகு பொத்தான் திரும்பி வந்தது. "கதவ மறுபடி மாட்டிட்டு, அதுக்கும் புதுசுன்னு பேரு வச்சிருக்கான்." எட்டுக்குப் பிறகு ஒன்பது வராமல் பத்து வந்ததற்கு அவரிடம் ஒரு ஜோதிடக் காரணம்கூட உண்டு. அதை இங்கே எழுதி என் பேரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

பதினொன்று வந்ததும் கீழ ராஜ வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் அதைச் சோதித்துவிட்டு வந்தார். எனக்கும் அங்கே பக்கத்தில் ஒரு வேலை இருந்ததால் அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். கடைப் பெண், "சார், இது டோட்டலா நியூ சார். லுக்கே வேற சார்" என்றாள். போதாதா! நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இங்கே தட்டி, அங்கே தட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போய், கடைசியில் ஒரு சின்னப் பெட்டியைப் பிடித்துவிட்டார். சாம்பல் நிறத்தில், மங்கலாக, எக்ஸ்பி காலத்து முகத்தோடு அது அங்கே இருந்தது.

"இந்தா, இது யாரும்மா? பேரன் சட்டைய மாட்டிக்கிட்டு உள்ள தாத்தால்ல ஒக்காந்திருக்காரு."

"சார், கார்னர் எல்லாம் ரவுண்டு பண்ணியிருக்காங்க சார். ஸ்டார்ட்டு நடுவுல வந்திருக்கு."

"மேசையோட மூலைய இழைச்சுட்டா மேசை புதுசாயிருமா? வாசல ஓரத்துலேருந்து நடுவுக்குத் தள்ளிட்டா வீடு புதுசாயிருமா?"

அந்தப் பெண் பொறுமையாக, "சார், வாங்குறீங்களா இல்லையா?" என்று கேட்டாள். இவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு வழக்கை ஜெயித்தவர் மாதிரி வெளியே வந்தார். டீகூட வாங்கித் தந்தார். அவர் டீ வாங்கித் தந்தது அந்த ஒரு முறைதான்.

சொல்ல வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் ஆள் சொல்வதில் நியாயம் இருந்தது. என் கடை பில்லிங் கணினியை மாற்றிய அன்று நான் அரை நாள் பதறினேன். சாயங்காலம் பார்த்தால் ஜிப் விற்கிற வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கணினி பார்க்கிற மெக்கானிக் ஆண்டியப்பன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புடி இல்லண்ணே, அடியில பாதுகாப்பெல்லாம் வேற. ஒங்க பழைய மெஷின்ல இது ஏறவே ஏறாது. அதுவே பெரிய மாத்தம்தான்" என்றார். "ஏறலன்னா அது விக்கிறவன் சாமர்த்தியம்யா, போய்யா" என்று இவர் கையை வீசினார்.

இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் அந்த வீட்டில் ஒரு பெண் ஒரு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தாள். அதைச் சொல்லாமல் இவர் யார் என்று சொல்ல முடியாது.

அவர் மகள் இந்துமதி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் மனைவி அழகியின் அண்ணன் ரத்தினவேலுக்கு ஆவுடையார்கோவில் பக்கம் விவசாயம். அவருடைய மகன் எழிலரசன் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கிறான். முறைப்பையன். சின்ன வயதிலிருந்தே பேசி வைத்தது. அவளுக்கும் அவனைத்தான் பிடிக்கும் என்பது எங்கள் தெருவில் டவுன் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். எல்லாம் கூடி வந்த சமயத்தில் உதயசூரியன் பொத்தானைத் தட்டினார். இந்துமதி அஸ்தம், எழிலரசன் திருவாதிரை. ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று வந்தது. ரஜ்ஜு என்றால் கயிறு. பெண், மாப்பிள்ளை நட்சத்திரங்கள் இரண்டும் ஒரே கயிற்றில் விழுந்தால் தாலி நிலைக்காதாம். அதிலும் இது கழுத்துக் கயிறு. பெண்ணின் உயிருக்கு ஆகாதாம். தாளை மடித்து வைத்துவிட்டு, "இது நடக்காது" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிக்கு மேலேயே கேட்டேன். "ஊர்ல எல்லாருக்கும் ஒரே இளகின மனசு எழுதுற மெஷின நம்பி, பெத்த பொண்ணு வாழ்க்கையக் கெடுப்பீங்களாண்ணே?"

"ஊருக்கே ரஜ்ஜு பாத்துச் சொல்றவன், தன் வீட்டுல மட்டும் கண்ண மூடிக்கிட்டா நாளைக்கு எவன் படியேறுவான்?" என்றார் முதலில். பிறகு குரலைத் தணித்து, "கழுத்து ரஜ்ஜு, தங்கச்சி. நானே கட்டி வச்சு, நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த மட்டும் பயம் இருந்தது மனுஷனுக்கு. ஆனால் அந்தப் பயத்துக்காக மகள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரத்தினவேல் இவர் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். போன ஆடியில் தங்கைக்குப் போன் போட்டு, "தை வரைக்கும்தான் ஆத்தா நான் பாப்பேன். பையன் லீவுல வாரான். ஒங்க வீட்டுக்காரரு மனசு மாறலன்னா அறந்தாங்கியில ஒரு எடம் இருக்கு, முடிச்சுருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தீபாவளி முடிந்த கையோடு உதயசூரியனுக்குக் கணினி மாற்ற வேண்டி வந்தது. வைரஸ் புகுந்தால் சேர்த்து வைத்திருக்கிற ஜாதகம் அத்தனையும் போய்விடும் என்று ஆண்டியப்பன் ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டார். பயம் காட்டித்தானே இவரும் பிழைக்கிறார். அந்த மருந்து இவருக்கும் வேலை செய்தது. புதுப் பெட்டி வந்தது, உள்ளே பதினொன்றும் வந்தது. அழகி வீட்டிலிருந்து எலுமிச்சம்பழம், சந்தனம், கற்பூரம், சின்னச் செம்பில் பால் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நல்ல நேரம் பாத்து ஒரு பூசையப் போட்டுட்டுத் தொறங்க. ஊருக்கெல்லாம் நேரம் குறிச்சுக் குடுக்குறீங்க."

"எதுக்குடி பூசை? புது வீடுன்னா பால் காய்ச்சலாம். வெள்ளையடிச்சதுக்கு எவனாச்சும் பால் காய்ச்சுவானா? உள்ள அதே பழைய பயதான். எடுத்துட்டுப் போ."

அவள் பாலை எனக்குக் காப்பி போடக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல பால்.

ஆண்டியப்பன் அன்றைக்கே ஜாதக மென்பொருளைப் புதுப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தார். இவர் முதல் வேலையாக, நடுவில் இருந்த ஸ்டார்ட் பொத்தானை இடது பக்க ஓரத்துக்கு நகர்த்தச் சொன்னார். "பாத்தீங்களா தங்கச்சி, ஒரே நிமிஷத்துல பழசாக்கிட்டேன். இதுவா புதுசு?" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கார்த்திகை பூராவும் மழைக்கு ஒதுங்கியவனிடமெல்லாம் இதையே காட்டிக்கொண்டிருந்தார். பிரிண்டரும் அதுபாட்டுக்கு அச்சடித்துத் தள்ளியது.

மார்கழி பிறந்து ஒரு சனிக்கிழமை. திருமயம் பக்கத்திலிருந்து லட்சுமி ஆச்சி காரில் வந்து இறங்கினார். சென்னையில் இருக்கிற மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பழைய ஜாதகத்தில் காப்பி கொட்டிவிட்டது என்று வேறொரு பிரதி போடச் சொல்லி, முந்தின நாள்தான் ஆள் விட்டு வாங்கிப் போயிருந்தார். அன்றைக்கு ஆச்சி வந்த வேகத்தில் என் கடை பட்டன் டப்பா எல்லாம் அதிர்ந்தது.

"என்னங்க உதயசூரியன், எம்மகனுக்கு நட்சத்திரத்தையே மாத்திப்புட்டீகளே! நேத்து வரைக்கும் பூசம், இன்னிக்கு ஆயில்யமா? ரெண்டும் ஒங்க கடையில போட்டதுதானே? பொண்ணு வீட்டுல என்ன கேக்குறாக தெரியுமா? பையன் ஒருத்தனா ரெண்டு பேரான்னு கேக்குறாக!"

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. நான் நூல்கண்டு எண்ணுவதை விட்டுவிட்டுக் காதைத் தட்டியில் வைத்தேன். இவர் தொண்டையைச் செருமினார்.

"ஆச்சி, சத்தம் போடாதீங்க. மெஷினு மாத்தியிருக்கேன். இது புதுசு."

"புதுசுன்னா?"

"முழுக்க முழுக்கப் புதுசுங்க ஆச்சி. விண்டோஸ் பதினொண்ணு. உள்ள இருக்கதே வேற. பழசு ஒரு தோராயமாத்தான் கணக்குப் போடும். இது அப்புடியே நுணுக்கமா உள்ள போயிருது. இப்ப வந்திருக்கதுதான் சரி."

அடேயப்பா! எனக்கு எச்சிலே புரை ஏறிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, பெயிண்டு பெயிண்டு என்று என் காதில் அடித்தவர் வாயா இது! ஒரு ஆச்சி குரலை உயர்த்தியதும் விண்டோஸுக்குப் புது உடம்பு முளைத்துவிட்டது. இனி தட்டிக்குப் பின்னால் இருந்தால் சரிப்படாது என்று, மானம் போனால் போகிறதென்று எழுந்து அவர் கடை வாசலுக்கே போனேன்.

"அப்ப இத்தனை வருசமா நான் வேற யாரோ நட்சத்திரத்துக்கா அர்ச்சனை பண்ணிக்கிட்டிருந்தேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் ஆச்சி.

"சாமி ஏத்துக்கிருவாருங்க, ஆச்சி."

வாசலில் எனக்கு முன்னாலேயே இந்துமதி நின்றுகொண்டிருந்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. உள்ளே போய் கேரியரை மேசை மேல் வைத்தாள்.

"முழுக்கப் புதுசாப்பா?"

அவர் பிரிண்டர் தாளை அடுக்க ஆரம்பித்தார்.

"அம்மாகிட்ட வெள்ளையடிச்ச வீடுன்னீங்க. உள்ள அதே பழைய பயன்னீங்க."

"நீ வீட்டுக்குப் போ."

"போறேன். எனக்கும் எழில் மச்சானுக்கும் ஒரு தடவ பொருத்தம் போட்டுக் குடுங்க, போறேன்." அவள் குரல் உயரவில்லை. வகுப்பில் ஒரு கணக்கைத் திரும்பப் போடச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "பழசு தோராயம்னு நீங்கதான சொன்னீங்க. ஆச்சி மகனுக்கு மட்டுந்தான் நுணுக்கமா? இல்ல, உள்ள ஒண்ணும் மாறலன்னா, ஆச்சிக்கு அதச் சொல்லுங்க."

ஆச்சிக்குத் தன் சண்டை மறந்துவிட்டது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டு, "போடுங்களேன். புள்ள கேக்குதுல்ல" என்றார்.

உதயசூரியன் என்னைப் பார்த்தார். நான் அவரைக் காப்பாற்றுவதாக இல்லை. மெதுவாக விசைப்பலகையை இழுத்தார். மகள் பிறந்த நேரத்தை அடித்தார். எழிலரசன் பிறந்த தேதி, நேரம், ஊர் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. விரல் தானாகப் போய் அடித்தது. அதைப் பார்த்தபோது, இந்த ஆள் இதை ஒரு தடவை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு விட்டவர் இல்லை, பழைய மெஷினில் எத்தனையோ தடவை தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. பட்டுவிட்டதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

தாள் வந்தது. அவர் எடுக்கவில்லை. ஆச்சிதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்துப் படித்தார். "பையன் எழிலரசன், புனர்பூசம். தினம் உண்டு. கணம்... அது கெடக்கட்டும். ரஜ்ஜு உண்டு. உண்டுன்னுதாங்க போட்டிருக்கு!"

இந்துமதி முந்தின நாள் காலி கேரியரை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "சாப்புடுங்கப்பா, ஆறிரும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தாள். அதற்கப்புறம் ஓடினாள் என்று பூக்காரி பிறகு சொன்னாள்.

ஆச்சியிடம், "ரெண்டு நாள் குடுங்க, நான் தீர விசாரிச்சுச் சொல்றேன்" என்று கும்பிடு போட்டு அனுப்பினார். சாப்பாட்டைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அழகி மூச்சிரைக்கப் பேசினாள்.

"என்னங்க, இந்து சொல்றது நெசந்தானா? நான் அண்ணனுக்குப் போன் போட்டுட்டேங்க. அண்ணன் பேசவே இல்ல, போனக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்களாம், அண்ணி சொல்றாங்க. நாளைக்குக் காலையில வாராங்களாம். எலை போடணும். என்னங்க? கேக்குதா?"

"அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். வைத்துவிட்டு ஆண்டியப்பனைக் கூப்பிட்டார். "மெஷின்ல ஏதோ கோளாறு. ஒடனே வா."

ஆண்டியப்பன் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் கடையைச் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை, தட்டிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் அவர் நீட்டினார், ஒருநாள் நான் நீட்டினால் என்ன! ஆண்டியப்பன் உட்கார்ந்து, ஜாதக மென்பொருளைத் திறந்து, எங்கேயோ உள்ளே போய், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அட, போச்சு. அண்ணே, இது திருக்கணிதத்துல டிக் ஆகிக் கெடக்கு. ஒங்களுக்கு வாக்கியம்ல?"

பஞ்சாங்கம் இரண்டு வகை. பழைய சூத்திரப்படி கணிப்பது வாக்கியம், கிரகங்கள் வானத்தில் நிற்கிற நிலையைப் பார்த்துத் திருத்திக் கணிப்பது திருக்கணிதம். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற நேரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக வரும். ஜோதிடம் பார்க்கிற எவருக்கும் இது அரிச்சுவடி. இவருக்கும் தெரியும். அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழிலரசன் நட்சத்திரம் மாறவில்லை, கணக்குத்தான் மாறியிருக்கிறது என்று அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்பு என்னுதுதாண்ணே" என்றார் ஆண்டியப்பன். "இன்ஸ்டால் பண்றப்ப அதுவா திருக்கணிதம்னு காட்டியிருக்கும். நான் ஓகே ஓகேன்னு அமுக்கிக்கிட்டே போயிருக்கேன். விண்டோஸுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." பிறகு, சமாதானப்படுத்துகிற மாதிரி, அவரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொன்னதுதாண்ணே நெசம். நாந்தான் ஒங்ககிட்ட வீம்புக்குப் பேசுனேன். ஒங்க வேலையப் பொறுத்த வரைக்கும் எதுவும் புதுசு இல்ல. உள்ள எல்லாம் அதே பழசுதான்."

எக்ஸ்பியிலிருந்து பதினொன்று வரைக்கும் யார் வாயிலிருந்தாவது வராதா என்று அவர் காத்துக்கிடந்த வார்த்தை அது. அதுவும் ஆண்டியப்பன் வாயிலிருந்து. வேறு ஒரு நாளாக இருந்தால் தெருவையே கூட்டி இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் ஆண்டியப்பனைப் பார்த்த பார்வையில், இந்த ஆள் ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது என்பதுதான் இருந்தது.

"ஒரே ஒரு கிளிக்குதான். வாக்கியத்துக்கு மாத்திவிட்டுறேன். எல்லாம் பழையபடி ஆயிரும்" என்று ஆண்டியப்பன் திரைப் பக்கம் திரும்பினார்.

மேசை மேல் இருந்த போன் மறுபடி அடித்தது. 'அழகி' என்று பெயர் வந்து வந்து போனது. உதயசூரியன் அதை எடுக்கவில்லை. திரையில் இருந்த அம்பு நகர்ந்து நகர்ந்து அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, வேணாம்ணே" என்று ஆண்டியப்பனைப் பார்த்துக் கத்தலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு வருஷமாக அவரைத் திட்டித் தீர்த்த வாய், அந்த நேரம் பார்த்துத் திறக்கவில்லை.

அவர் எழுந்தார். மேசைக்குப் பின்னால் குனிந்து, பெட்டியின் முதுகில் கையை விட்டுத் துழாவி, மவுஸ் ஒயரை வெடுக்கென்று உருவினார். ஆண்டியப்பன் கைக்கடியில் இருந்த மவுஸையும் இழுத்து எடுத்து, ஒயரை அதன் மேல் இறுக்கிச் சுற்றி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.